மில்லி மாஸ்டரும் அஞ்சு கப்புத் தண்ணியும்

மனிதன் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நிம்மதியாகக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே கடவுள் ஓர் ஆளைப் படைத்து, அவரை எங்கள் பக்கத்து வீட்டில் குடிவைத்தார். நல்லூரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது. மில்லி மாஸ்டர் வீடு எது என்று கேட்டால், பஸ் ஸ்டாப்பில் ஊருக்குப் புதிதாக நிற்கிறவர்கூட வழி சொல்லிவிடுவார்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஆளை வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். "ஏனுங்க, சாயங்காலமானா அந்தப் பக்கம் போகாம இருக்கறது நல்லதுங்களா?" என்று ஓர் அம்மா என்னிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார். அந்த அம்மா நினைத்த மில்லியை மாஸ்டர் வாழ்நாளில் தொட்டதில்லை. தொட்டிருந்தால் மனுஷன் கொஞ்சம் இளகியிருப்பார். எங்களுக்கும் கொஞ்சம் விடிவு கிடைத்திருக்கும்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லேப் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறத்தில் பனியன் வேண்டும் என்பான். மஞ்சள் இத்தனை மில்லி, சிவப்பு இத்தனை மில்லி, நீலம் இத்தனை மில்லி என்று அளந்து கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவருவது லேப் மாஸ்டர் வேலை. ஒரு மில்லி தப்பினால் ரோஸ் நிறம் வெங்காய நிறமாகிவிடும், ஆர்டர் கேன்சல். வேலையிலிருந்து அவர் வந்துவிட்டார். ஆனால் பீக்கரும் அவரோடு வந்துவிட்டது. சிவப்புக் கோடுகள் போட்ட கால் லிட்டர் பிளாஸ்டிக் பீக்கர். எங்கே போனாலும் மஞ்சள் பையில் அதுவும் போகும். சட்டைப் பையில் இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடி ஒன்று இருக்கும். அது சில்லறை அளவுகளுக்கு.

அவர் வீட்டுக்குப் போய், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டுவிட்டால் முடிந்தது கதை.

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

"ஒரு டம்ளருங்க."

"எந்த டம்ளருங்க?"

தாகம் அங்கேயே அடங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், அவர் கோபமாகக் கேட்டாலாவது நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி பவ்யமாக நிற்பார். அத்தனை மரியாதையான மனிதரைத் திட்டுவதற்கு நம் ஊர்த் தமிழில் வழியே இல்லை.

தெருமுனை டீக்கடைக்காரர் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். அவர் கடையில் மாஸ்டர் ஒருநாள் டீயை வாங்கிப் பீக்கரில் ஊற்றினார். நுரை அடங்குகிறவரை பொறுமையாகக் காத்திருந்தார். கடையில் இருந்த மொத்தக் கூட்டமும் டீயை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுவத்தி அஞ்சுதானுங்க இருக்குது. கிளாசு நூறு மில்லிங்க. மிச்சம் இருவத்தி அஞ்சு நுரைங்க."

"அண்ணாச்சி, நுரையும் சேந்ததுதான் டீ. ஒங்களுக்கு வேண்டாம்னா நாளையிலேருந்து நுரையை எடுத்து வேற ஆளுக்கு ஊத்துதேன்."

"தப்பாச் சொல்லலீங்க. தெரிஞ்சு குடிச்சா நல்லதுன்னுதானுங்க."

"தெரிஞ்சுட்டு என்ன செய்யப் போறீய? டீ ஆறிப் போச்சு, பாருங்க."

உண்மையிலேயே ஆறிப்போயிருந்தது. மாஸ்டர் அதைத்தான் குடித்தார். கடைசிச் சொட்டுவரை.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகல் முழுக்க பையரோடு அரை சென்டிமீட்டருக்குச் சண்டை போடுவது என் பிழைப்பு. கழுத்து அகலம் கூடிவிட்டது, கை நீளம் குறைந்துவிட்டது என்று மெயில் மேல் மெயில் வரும். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டில் மூன்று மில்லிக்குச் சண்டை காத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டு கேக் செய்ய உட்கார்ந்தேன். செல்போன் சமையல் வீடியோவில் ஒரு பெண் சிரித்தபடியே "ஒரு கப் பால்" என்றாள். நானும் சிரித்தபடியே ஒரு கப் பாலை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏனுங் அம்மிணி, எந்த ஊருக் கப்புங்க அது?"

எனக்குக் காது கேட்கவில்லை என்பது போல இருந்தேன். அவர் விடவில்லை. வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு பீக்கரோடு சமையலறைக்கே வந்துவிட்டார்.

"அமெரிக்காக்காரன் கப்புன்னா இருநூத்தி நாப்பது மில்லிங்க. அதுவும் சுத்தமாப் பாத்தா இருநூத்தி முப்பத்தியாறு சில்லறைதானுங்க. ஆஸ்திரேலியாக்காரனுக்கு இருநூத்தி அம்பதுங்க. அரிசி குக்கரோட ஒரு கப்பு குடுக்கறாங்கல்லீங்க, அது நூத்தி எம்பதுங்க. நீங்க கையில வச்சிருக்கறது காபி கப்புங்க. அது எந்தக் கணக்குலயும் வராதுங்க."

"மாஸ்டர், அந்தப் பொண்ணு தமிழ்லதானுங்க பேசுது. நம்மூருக் கப்பாத்தான் இருக்கும்."

"நம்மூருக்குக் கப்பே கிடையாதுங்களே. நமக்கு ஆழாக்கு, உழக்குதானுங்க."

அவர் அளந்து முடித்து, மில்லியைக் கப்பாக்கி, கப்பை மறுபடியும் மில்லியாக்கிச் சரிபார்ப்பதற்குள் அடுப்பில் சூடேற்றிய குக்கரின் வாஷர் கருகிவிட்டது. கேக் வரவில்லை. அளவு மட்டும் சரியாக இருந்தது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். எங்களுடையது நெசவுக் குடும்பம், முருகன் காரியம் என்றால் அப்பாதான் முன்னால் நிற்பார். அந்த வருஷம் அவருக்கு முடியவில்லை என்று மாஸ்டரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். யார் கொடுத்தார்கள் என்பதை இன்றுவரை எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வருகிறவனுக்கும் மோர் மிஞ்ச வேண்டும் என்பது மாஸ்டரின் கவலை. ஆளுக்கு இருநூறு மில்லி என்று கோடு பார்த்து ஊற்ற ஆரம்பித்தார். வரிசை வளைந்து வளைந்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது. கம்பெனி வேலைக்குப் போகிற பீகார் பையன் ஒருவன் டம்ளரை நீட்டி, "பூரா பர் தோ, பையா" என்று நிறைய ஊற்றச் சொன்னான். மாஸ்டர் குனிந்து கோட்டைக் காட்டி, "இருநூறுங்க தம்பி, உங்களுக்குப் பின்னால ஆளு நிக்கறாங்க, பாருங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் வெயில் தாங்காமல் நடையைக் கட்டிவிட்டார்கள். சாயங்காலம் இரண்டு டிரம் மோர் மிச்சம். மாஸ்டர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கணக்கு கரெக்டுங்க. ஆளுதானுங்க குறைஞ்சு போச்சு" என்றார்.

இந்த மனிதரிடம் நானே போய்க் கும்பிட்டு நிற்க வேண்டிய நாள் ஒன்று வந்தது.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மாத்திரை பாதி, தண்ணீர்க் கட்டுப்பாடு பாதி. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு மில்லிக்கு மேல திரவம் உள்ள போகக்கூடாது. தண்ணி, காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்துத்தான். கூடினா மறுபடி நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அடுத்த தடவை இவ்வளவு சுலபமா அனுப்ப முடியாது."

நான் முழிப்பதைப் பார்த்து நர்ஸ் உதவிக்கு வந்தார். "அஞ்சு கப்புன்னு வச்சுக்கங்க மேடம், ஈஸியா இருக்கும்."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "எந்தக் கப்புங்க சிஸ்டர்?"

நான் மாஸ்டரை எப்படிப் பார்ப்பேனோ, அப்படியே அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுக் கப்புதாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக் கப்புகளை வரிசையாக மேஜைமேல் அடுக்கினேன். அப்பாவின் நீள டம்ளர், கல்யாணங்களில் கொடுத்த டம்ளர்கள், கம்பெனி பெயர் அச்சடித்த பீங்கான் கோப்பை, மோருக்கென்று ஒரு லோட்டா. ஒன்று இன்னொன்று மாதிரி இல்லை. அஞ்சு கப்பு என்றால் ஒன்றில் முக்கால் லிட்டர் வருகிறது, இன்னொன்றில் இரண்டு லிட்டரை நெருங்குகிறது. அதில் எது அப்பாவைக் காப்பாற்றும், எது அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் என்று எனக்குத் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. பகலெல்லாம் அப்பா தனியாக, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடத்தோடு. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மாஸ்டர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. பீக்கரை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் இருந்தார்.

அன்றே எங்கள் வீட்டு டம்ளர்களுக்கெல்லாம் பனியனில் ஒட்டுகிற சைஸ் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. எஸ் என்றால் நூறு மில்லி, எம் நூற்றைம்பது, எல் இருநூறு. சிந்தாமலிருக்க மேலே கொஞ்சம் இடம் விட்ட அளவு அது. அப்பாவின் நீள டம்ளர் எக்ஸ்எல் என்று கண்டுபிடிக்கப்பட்டு பரணுக்குப் போனது.

"ஏனுங் மாஸ்டர், நான் மனுசனுங்களா, பனியனுங்களா?" என்றார் அப்பா.

"பனியனா இருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லீங்ணா. பிழிஞ்சு காயப் போட்டா தண்ணி வெளிய வந்துருமுங்க."

காபி, மோர், மாத்திரை போடுகிற தண்ணீர் எல்லாம் அளவுக்குள் வந்தன. அத்தோடு விட்டாரா? சாயப்பட்டறையில் துணியை நனைத்தால் அது எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பிக்கப் என்று பெயர். ஒரு காலையில் நான் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது, அவர் துணி நிறுக்கிற சின்னத் தராசை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து இட்லியை நிறுத்துக்கொண்டிருந்தார். உலர்ந்த இட்லி ஒரு எடை. சாம்பாரில் தொட்ட இட்லி ஒரு எடை. சாம்பாரில் ஊறிய இட்லி ஒரு எடை.

"தொட்டுச் சாப்பிட்டா ஒரு இட்லிக்கு எட்டு மில்லிதானுங்க ஏறுது. ஊற வச்சா முப்பதுங்க. இட்லியோட பிக்கப்பு காட்டன் துணியைத் தோக்கடிச்சுருமுங்க."

"அதுக்கு?"

"அண்ணன் இனிமே இட்லியை ஊற வைக்கக் கூடாதுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அறுபது வருஷமாக இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுச் சாப்பிட்ட மனுஷன். "கண்ணு, அந்த ஆஸ்பத்திரியே பரவால்ல போலிருக்குது" என்றார்.

மாஸ்டர் வந்தாலே நான் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். காயப்போடத் துணி இல்லாவிட்டால் காய்ந்த துணியை மறுபடி உதறிப் போடுவேன். அவர் அளப்பதை நின்று பார்த்தால் ரத்தக் கொதிப்பு எனக்கு வரும். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்து கப்பை நாள் முழுக்கப் பிரித்துக் கொடுப்பதில் அவர் தப்பே செய்யவில்லை. "நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும். சரியா அந்நேரம் பாத்து பீக்கரும் கையுமா வந்து நிப்பாரு" என்று அப்பாவே சொல்லுவார்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அப்பாவின் எடை கூடியிருந்தது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. "தண்ணி கூடுதலாப் போகுது" என்றார் டாக்டர். "இல்லீங்க டாக்டர், இட்லியைக்கூட நிறுத்துக் குடுக்கறோம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மாத்திரையைக் கூட்டி எழுதி, பத்து நாளில் இறங்காவிட்டால் அட்மிட் என்றார்.

நான் பயந்தேன். மாஸ்டர் நொறுங்கிப்போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விசாரணை கமிஷன் ஆரம்பித்தது. அப்பா வாய் கொப்பளிக்கும்போது உள்ளே போகிறதோ என்று கொப்பளிக்கத் தடை. குளிக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. தேங்காய்ச் சட்னியைத் துணியில் கட்டிப் பிழிந்து, வந்த தண்ணீரை அளந்தார். ரசத்தில் கரைந்திருக்கும் தக்காளி திரவமா திடமா என்று என்னிடம் கேட்டார். எதிலும் அகப்படாமல் போகவே, ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தப்பா நினைக்கக் கூடாதுங் அம்மிணி. பாசத்துல நீங்க ஏதாச்சும் தனியாக் குடுக்கறீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. "எங்கப்பாவைக் கொல்றதுக்கு நான் தண்ணி குடுக்கறேனுங்களா?" என்று கத்தினேன். அவர், "அப்படிச் சொல்லலீங்க, அப்படிச் சொல்லலீங்க" என்றபடி பின்னோக்கியே நடந்து போய்விட்டார்.

ஒரு ஷிப்மென்ட் முடிந்து எனக்கு லீவு கிடைத்தது. அன்று மாடிக்கு ஓடுகிற தெம்பு இல்லை. சமையலறை வாசலிலேயே காபிக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் வந்தார். நான் போட்டு வைத்திருந்த காபியைப் பீக்கரில் ஊற்றினார். குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மருந்து மூடியால் இரண்டு சொட்டு எடுத்து, ஒரு சொட்டு திரும்ப விட்டு, நூற்றைம்பது என்று திருப்தியானார். எம் டம்ளரில் ஊற்றினார். பிறகு குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் பீக்கருக்குள் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, அந்தத் தண்ணீரையும் அதே டம்ளரில் ஊற்றினார். அப்பாவின் காபி என் கண் முன்னால் ஒரு ஷேடு வெளுத்தது.

"மாஸ்டர்."

"ஏனுங் அம்மிணி?"

"இப்ப ஊத்துனது எந்தக் கணக்குல வருதுங்க?"

"எதுங்க?"

"பீக்கர் கழுவின தண்ணி."

"அது ரின்சுங்க."

சாய லேப்பில் அது ஒரு பழக்கம். அளந்த சாயம் பீக்கரின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் நிறம் வெளிறிப்போகும். அதனால் பீக்கரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசலையும் சாயப் பாத்திரத்திலேயே ஊற்றிவிடுவார்கள். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு சொட்டு வீணாகாமல் அளக்கப் பழகிய கை, அப்பாவின் காபிக்கும் மோருக்கும் மாத்திரைத் தண்ணீருக்கும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறது.

"ரின்சு எங்கப்பா வயித்துக்குள்ள போகுதுங்களா, இல்லீங்களா?"

மாஸ்டர் கையிலிருந்த பீக்கரைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி, இந்த முறை அதை ஊற்றாமல் அளந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"நாப்பதுங்க" என்றார். "ஒரு நாளைக்கு எட்டுத் தரம் ஊத்தறனுங்க. முந்நூத்தி இருவது. ஒண்ணே கால் கப்புக்கு மேலயே வருதுங்களே."

"எந்தக் கப்புல?" என்றேன்.

எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம் அது. சொன்ன மறுநொடியே ஏன் சொன்னோம் என்றிருந்தது. மாஸ்டர் பீக்கரை மேடையின்மேல் வைத்துவிட்டு, மஞ்சள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா உள்ளே கட்டிலிலிருந்து கத்தினார். "உன்னை யாரு கண்ணு அதையெல்லாம் பாக்கச் சொன்னது?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா இருக்கும்? நாக்கு வறண்டு கெடக்கறவனுக்கு ஒரு வாய்த் தண்ணி சேத்து வந்தா, வேண்டாம்னா சொல்லுவான்?"

இரண்டு பேரையும் ஒரே ரூமில் போட்டுப் பூட்டலாம் போல இருந்தது.

மறுநாள் மாஸ்டர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் லீவை நீட்டித்துக்கொண்டு அளந்தேன். அளப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். காலையிலேயே கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குள் நாலரைக் கப்பைத் தீர்த்துவிட்டேன். மிச்ச நாளுக்கு அரைக் கப்பை வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். போனில் மேனேஜரோடு பேசிவிட்டுத் திரும்பினால் அப்பாவின் மீசை ஈரமாக இருந்தது. கேட்டதற்கு வியர்வை என்றார். ரின்ஸ் நின்றதில் கொஞ்சம் வடிந்திருந்த கால் வீக்கம் அந்தத் திருட்டுத் தண்ணீரில் திரும்ப ஏறியது. டாக்டர் சொன்ன கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவரைக் கூப்புடு கண்ணு" என்றார் அப்பா. "அவரு குடுத்தா தண்ணி குடிச்ச மாதிரி இருக்குது. நீ குடுத்தா ஜெயில்ல சோறு போடற மாதிரி இருக்குது."

உச்சி வெயிலில் போய்க் கதவைத் தட்டினேன். மாஸ்டரின் மனைவி திறந்தார். அந்த அம்மா அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டில் பேசினால் அளந்துவிடுவார்கள் என்று பயம் போல என்று நான் கேலி செய்ததுண்டு. அன்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் போச்சு, வா கண்ணு. நீயாவது இந்த மனுசனுக்குப் புத்தி சொல்லு. உங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்தாரே, அன்னைக்குப் பிடிச்சு இவரும் அதே அஞ்சு கப்புலதான் ஓட்டறாரு. இந்தக் கோடை வெயில்ல! சொம்பைத் தொடறதில்ல. ஒண்ணுக்குப் போனா எரியுதுங்கறாரு. நேத்து தலை சுத்தி பாத்ரூம் வாசப்படியில உக்காந்துட்டாரு. கேட்டா, அண்ணனுக்கு இன்னும் சரியாகல, எனக்கு மட்டும் என்னங்கறாரு."

உள்ளே மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டப் போனார்.

"உக்காருங்க மாஸ்டர். உங்களுக்கு என்னங்க கேடு? உங்க இருதயம் நல்லாத்தான இருக்குது?"

"மொத்தமா பல்க் சாயம் போடறதுக்கு முன்னால ஒரு துண்டுல சாம்பிள் போட்டுப் பாக்கோணுமில்லீங் அம்மிணி" என்றார். குரல் கரகரத்தது. "எப்ப நாக்கு வறளுதுன்னு தெரியாம எப்படிங்க பிரிச்சு ஊத்தறது? காத்தால ஒண்ணும் தெரியறதில்லீங்க. பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும்தானுங்க உசுரு போகுது. அதனாலதானுங்க அந்நேரத்துக்கு எல் சைசை வச்சேன்." வெடித்த உதட்டைத் துடைத்துக்கொண்டார். "நான் பீக்கர்லயே குடிச்சுக்குவனுங்க. ரின்சு பண்ற வேலை இல்லீங்க. அதனால என்ற சாம்பிள்ல அந்தத் தப்புத் தெரியாமப் போச்சுங்க. அண்ணன் காலு வீங்கினது என்ற கையாலதானுங்க."

எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையும் கோபமாகத்தான் வந்தது. யாராவது பக்கத்து வீட்டு மனுஷனுக்காகச் சித்திரை வெயிலில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்களா? அதை ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல், மில்லி, கப்பு, பிக்கப்பு என்று என் உயிரை வாங்கிக்கொண்டு? இந்த ஆளை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது என்று சொன்னால் அது பொய். அதற்கு முன்பிருந்தே பிடித்திருக்கிறது. எரிச்சல் கூடுதலாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

நேரே அவர்கள் சமையலறைக்குப் போனேன். பானையிலிருந்து ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, வழிய வழியக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"குடிங்க."

"இது எவ்வளவுங்க இருக்கும்?"

"தெரியாதுங்க. குடிங்க. குடிச்சுட்டு ஊட்டுக்கு வாங்க, அப்பா கூப்புடறாரு. மூணு மணிக் கப்பு நீங்கதான் ஊத்தோணும். பீக்கரைக் கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்திக்கலாம்."

அவர் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிச் சட்டையெல்லாம் நனைந்தது. பாதியில் நிறுத்தினார்.

"அண்ணன் பதினோரு மணிக்குக் குடிச்சாருங்களா?"

"குடிச்சாருங்க. நீங்க குடிங்க."

மறுபடி தூக்கினார். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கிறவரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.